நோட்டும் கட்டையும்: சென்னைப் பேண்டு வாத்தியங்கள் பாட்டைத் தேர்ந்த வரலாறு

நாதஸ்வரக் கச்சேரி முடியும் தறுவாயில், மங்களத்துக்குச் சற்று முன்னால், ‘ஒரு நோட்டு வாசிங்க’ என்று கூட்டத்திலிருந்து குரல் வருவதுண்டு. கேட்பவர் தாளைக் கேட்கவில்லை. கமகம் அதிகம் இல்லாமல், வெள்ளைக்காரப் பேண்டின் நடையில் துள்ளிப் போகும் ஒரு மெட்டைக் கேட்கிறார். ஒற்றைச் சுரத்துக்கும் அதைத் தாளில் குறிக்கும் அடையாளத்துக்கும் ஆங்கிலேயர் வைத்த பெயர், நம் ஊரில் முழு மெட்டுக்கே பெயராகிவிட்டது. மெட்டு முன்னால் வந்து தாள் பின்னால் வந்த இடத்தில் இது நடப்பதில் வியப்பில்லை.

பேண்டு மாஸ்டர் எந்தத் தாளை எடுத்து ஸ்டாண்டில் வைக்கிறார், ஏன் அதை எடுக்கிறார் என்ற கேள்விக்கு மேலை நாட்டுக் கையேடுகள் ஆயத்தமாக விடை வைத்திருக்கின்றன. குழுவின் தரம், கருவிகளின் எண்ணிக்கை, நிகழ்ச்சியின் தன்மை ஆகியவற்றைப் பார்த்துப் பதிப்பகப் பட்டியலிலிருந்து வாங்கு என்பார்கள். சென்னையில் அந்த விடை பாதிதான் பொருந்தும். இங்கே பாட்டு எதுவென்று முடிவு செய்ததில் அச்சுத்தாளுக்கு இருந்த பங்கைவிட, குழுவில் தாளைப் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர், அவர் எந்த எழுத்தில் படிப்பார் என்பதற்கு இருந்த பங்கு பெரிது. இக்கட்டுரையின் வாதம் அதுதான்.

தொடக்கம் புனித ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகளோடு முரசும் ஃபைஃப் என்ற சிறு குழலும் வந்தன. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் சேர்ந்தன. வாசித்தவர்கள் எல்லாரும் கடல் கடந்து வந்தவர்கள் அல்லர். தாய், தந்தை இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்களைக் கம்பெனி 1795இல் படைப் பணியிலிருந்து விலக்கியது. விதிவிலக்காக விடப்பட்ட சில வேலைகளில் குழலூதுதல், முரசடித்தல், பேண்டு வாசித்தல் ஆகியவை அடங்கும்; குதிரைக்கு லாடம் கட்டுவதும் அந்தப் பட்டியலில்தான் இருந்தது. அதிகாரிப் பதவி மறுக்கப்பட்ட ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளின் கைக்கு ஐந்து கோட்டுத் தாள் போய்ச் சேர்ந்தது இப்படித்தான். சென்னையில் ஸ்டாஃப் நொட்டேஷனைச் சரளமாகப் படிக்கும் மரபு நெடுங்காலம் அந்தச் சமூகத்தையும் தேவாலயங்களைச் சுற்றி வளர்ந்த கிறித்தவக் குடும்பங்களையும் சார்ந்தே நின்றதற்கு இந்த ஆணையும் ஒரு காரணம் என்று கருதுகிறேன்.

தாள் இல்லாமல் காதால் வாங்கிக்கொண்டவர்களில் தலையாயவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் குடும்பம் சென்னையை ஒட்டிய மணலியில் முதலியார் குடும்பத்தின் ஆதரவில் சில ஆண்டுகள் வாழ்ந்தது. கோட்டைப் பேண்டைக் கேட்கும் வாய்ப்பு அப்போது கிடைத்தது. தம்பி பாலுசுவாமி வயலினைக் கற்றார். அண்ணன் மெட்டுகளை எடுத்துக்கொண்டார். அந்த மெட்டுகளுக்கு அவர் எழுதிய சமஸ்கிருத சாகித்தியங்கள்தாம் இன்று நோட்டுஸ்வர சாகித்தியங்கள் என்று வழங்குகின்றன. எண்ணிக்கை ஏறத்தாழ 40. ராகம் சங்கராபரணம், அதாவது மேலையரின் மேஜர் ஸ்கேல். ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு. ‘வந்தே மீனாட்சி’, ‘ரேக்ஸ் ஆஃப் மாலோ’ என்ற அயர்லாந்து நடன மெட்டு. ‘பீதவர்ணம்’ பாரசீகப் பாட்டான ‘தாஜா ப தாஜா’விலிருந்து வந்தது, கோட்டைப் பேண்டு ஐரோப்பிய மெட்டுகளோடு நின்றுவிடவில்லை என்பதற்கு இது ஒரு தடயம். தீட்சிதர் பேண்டுக்காக எதையும் எழுதவில்லை. ஆனால் ஒரு பேண்டின் நிகழ்ச்சி நிரலில் எவையெல்லாம் இருந்தன என்பதற்கு அவர் விட்டுச்சென்ற சாகித்தியங்களைவிட நல்ல பட்டியல் நமக்குக் கிடைப்பது அரிது.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் நகர முடியவில்லை. தீட்சிதர் மறைந்தது 1835இல். அதற்கு 19 ஆண்டுகள் கழித்து, 1854 மே மாதம், கிரைமியப் போரின்போது துருக்கியின் ஸ்குட்டாரியில் விக்டோரியா அரசியின் பிறந்தநாள் அணிவகுப்பு நடந்தது. கூடியிருந்த படைப்பிரிவுகளின் பேண்டுகள் சேர்ந்து அரச வாழ்த்தை வாசித்தபோது சுருதியும் ஒத்துப்போகவில்லை, அமைப்பும் ஒத்துப்போகவில்லை. ஒவ்வொரு படைப்பிரிவும் தனித்தனித் தாள் வைத்திருந்ததன் விளைவு அது. அந்த அவமானத்துக்குப் பின் 1857இல் லண்டன் அருகே நெல்லர் ஹாலில் ராணுவ இசைப்பள்ளி தொடங்கியது. மணலியில் கேட்ட ஒரு மெட்டைச் சங்கராபரணம் என்ற ஒரே சட்டத்துக்குள் தீட்சிதர் ஒழுங்காக நிறுத்திவைத்த பிறகும், அந்த மெட்டுக்கு உரியவர்கள் எந்தச் சுருதியில் வாசிப்பது என்று முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

ஒரே சீரான தாள் வேண்டும் என்ற தேவையை வணிகமும் கண்டுகொண்டது. லண்டனில் கார்ல் பூசே என்ற பேண்டு மாஸ்டர் 1840களில் தொடங்கிய ராணுவ இசைச் சஞ்சிகை, ஒவ்வொரு கருவிக்கும் உரிய பார்ட்டைத் தனித்தனியாக அச்சிட்டு அனுப்பியது. சந்தா கட்டினால் குடியேற்ற நாட்டுப் படைமுகாமுக்கும் லண்டன் பாட்டு வந்துவிடும். 1842இல் சென்னையில் தொடங்கிய மிஸ்க்வித் நிறுவனம், பின்னாளில் மியூசி மியூசிக்கல் என்று பெயர் மாறி, கருவிகளையும் இசைத்தாள்களையும் விற்கும் மவுண்ட் ரோடு அடையாளமாயிற்று. டிரினிட்டி காலேஜ் தேர்வுக்கு அணியமாகும் மயிலாப்பூர், அடையாறுப் பிள்ளைகள் படியேறும் கடை அது. பியானோவுக்கும் வயலினுக்கும் அங்கே தாள் கிடைக்கும். பேண்டு வாசிக்கத்தக்க தியாகராஜர் கீர்த்தனைத் தாளுக்கு எங்கே போவது?

அந்த இடைவெளியை நிரப்ப முனைந்தவர் சின்னசுவாமி முதலியார், எம்.ஏ. படித்தவர், அரசுச் செயலகத்தில் அலுவலர், கத்தோலிக்கர். கீழைநாட்டு இசையை ஐரோப்பியக் குறிமுறையில் தரும் தம் வெளியீட்டை 1890களின் தொடக்கத்தில் புதுப்பேட்டை ஆவே மரியா அச்சகத்திலிருந்து பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். தியாகராஜரின் சீடர் வழிவந்த வாலாஜாபேட்டை கிருஷ்ணசுவாமி பாகவதர் பாட, முதலியார் ஐந்து கோட்டில் எழுதினார். உலகத்தில் எந்தக் கருவிக்காரனும் எடுத்து வாசிக்கத்தக்கதாக நம் பாட்டு இருக்க வேண்டும் என்பது அவர் ஆசை. பணமும் கண்பார்வையும் கரைந்ததே அவர் கண்ட பலன். ஆனால் எட்டயபுரத்துக்குப் போய், முத்துசுவாமி தீட்சிதரின் குடும்ப வழிவந்த சுப்பராம தீட்சிதர் தம்மிடம் இருந்த உருப்படிகளை அச்சேற்றியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவரே. 1904இல் தெலுங்கு எழுத்தில் வெளிவந்த ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அதன் விளைவு. மறு ஆண்டு சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட ‘பிரதமாப்யாச புஸ்தகமு’ என்ற தொடக்கப் பாடநூலில் நோட்டுஸ்வரங்களும் இடம்பெற்றன. கோட்டைச் சிப்பாய்கள் காலெடுத்து நடந்த மெட்டு, சங்கீதம் பழகும் குழந்தையின் பாடமாகிவிட்டது. அதுவும் ஐந்து கோட்டில் அல்ல, ஸரிகம எழுத்தில்.

முதலியாரின் கோடு தோற்று சுப்பராம தீட்சிதரின் எழுத்து நின்றதைத் தேசிய உணர்வின் வெற்றியாக மட்டும் படிப்பது வழக்கம். பேண்டுக்காரர் பக்கம் நின்று பார்த்தால் அதைவிடச் சாதாரணமான, கைவேலை சார்ந்த ஒரு காரணம் தெரிகிறது: கட்டை.

பாடகர் ‘ஒரு கட்டை’ என்பது மேலையிசையின் ஸி. ரெண்டு கட்டை டி, அஞ்சு கட்டை ஜி. கிளாரினெட்டும் ட்ரம்பெட்டும் பிறப்பிலேயே ஆறரைக் கட்டைக்காரர்கள். அவற்றின் தாளில் ஸி என்று எழுதியதை ஊதினால் பி ஃபிளாட்தான் ஒலிக்கும். ஆல்ட்டோ சாக்சஃபோன் ரெண்டரைக் கட்டைக்காரர். அதன் ஸி, இ ஃபிளாட்டாக ஒலிக்கும். எனவே ஒரு கட்டையில் ஒரு சங்கராபரண மெட்டை ஐந்து கோட்டில் எழுதினால் கிளாரினெட் தாளில் இரண்டு ஷார்ப், ஆல்ட்டோ தாளில் மூன்று ஷார்ப். பாடகிக்கு ஏற்ற அஞ்சு கட்டையில் எழுதினால் கிளாரினெட்டுக்கு மூன்று, ஆல்ட்டோவுக்கு நான்கு. அரைக் கட்டை ஏற்றி அஞ்சரை ஆக்கினாலோ, கிளாரினெட்டுக்கு இரண்டு ஃபிளாட், ஆல்ட்டோவுக்கு ஒன்றே ஒன்று. விரல் சட்டென்று லேசாகிவிடும். ‘அரைக் கட்டை ஏத்திக்கலாமா’ என்று பேண்டு மாஸ்டர் கேட்கும்போது அவர் பாடகரின் தொண்டையைச் சோதிக்கவில்லை, தம் ஆட்களின் விரலைக் காப்பாற்றுகிறார்.

இப்போது இதே மெட்டை ஸரிகம எழுத்தில் எழுதிப் பாருங்கள். ஸ என்பது நிலையான ஒலி அல்ல. அவரவர் கருவியில் அவரவர் ஸ எங்கே இருக்கிறது என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும். கிளாரினெட், ட்ரம்பெட், சாக்சஃபோன் மூன்றுக்கும் ஒரே தாள். சுருதி மாறினாலும் தாளை மாற்ற வேண்டாம். ஐந்து கோட்டு முறையில் ஒரு பாட்டுக்குக் குறைந்தது இரண்டு மூன்று விதத் தாள் படியெடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒரு முகூர்த்தப் பருவத்தையே ஓட்டிவிடும். படியெடுக்க நாதியில்லாத சிறு பேண்டு செட்டுகளுக்கு இது பெரிய சிக்கனம்.

சிக்கனத்துக்கு விலையும் உண்டு. ஸரிகம ஒற்றை வரிக்கு வசதியான எழுத்து. ஒரே நேரத்தில் நான்கு குரல்கள் வெவ்வேறு சுரத்தில் நகர்வதை அதில் எழுதலாம், கண்ணால் ஒருசேரப் பார்ப்பது கடினம். ஆகவே ஹார்மனி உதிர்ந்தது. எல்லாரும் ஒரே மெட்டை ஊத, யூபோனியம் அதையே கீழ்ஸ்தாயியில் தாங்க, மற்றதை முரசு பார்த்துக்கொள்ளும் ஒலியமைப்பு உருவானது. இதைக் குறைபாடு என்று மேலையிசை பயின்றவர்கள் சொல்வார்கள். தெருவில், வாகன இரைச்சலுக்கு நடுவே, நடந்துகொண்டே வாசிக்கும் பத்துப் பேருக்கு ஒரே மெட்டுதான் காதில் விழும்படி நிற்கும் என்பது என் எண்ணம்.

எந்த ராகம் பேண்டுக்கு ஒத்துவரும் என்பதையும் கருவியே தீர்மானித்தது. வால்வை அழுத்தும் ட்ரம்பெட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவலாம். தோடியின் காந்தாரத்தை அசைப்பதும் சஹானாவை இழைப்பதும் பெரும்பாடு. எனவே தாவிச் செல்லும் ராகங்களுக்கு யோகம் அடித்தது. பட்டணம் சுப்பிரமணிய ஐயரின் கதனகுதூகலம் அவற்றில் முதன்மையானது. ஸ ரி ம த நி க ப என்று படி தாண்டி ஏறும் அதன் ஆரோகணத்தில் வருபவை எல்லாம் சங்கராபரணச் சுரங்களே. ஊர்ப் பெயரையே அடைமொழியாகப் பெறுமளவுக்குச் சென்னையில் வாழ்ந்த அந்த வித்துவானின் ‘ரகுவம்ச சுதா’ பேண்டுகளின் செல்லப் பிள்ளையானது தற்செயல் அல்ல. ஹம்சத்வனியும் மோகனமும் இதே காரணத்தால் தேறின. அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்து, மதுரை மணி ஐயர் மேடைகளில் புகழ்பெறச் செய்த ‘இங்கிலீஷ் நோட்டு’ இந்தக் கதையின் திருப்பம்: பேண்டின் நடையை மனிதக் குரல் ஸ்வரமாகப் பாட, சபாக்கள் ஆரவாரித்தன. கருவி கமகத்துக்கு வளைந்த கதையும் உண்டு. மைசூர் அரண்மனைப் பேண்டில் சாக்சஃபோனைக் கேட்டு மயங்கிய கத்ரி கோபால்நாத், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்று, கருவியிலும் சிறு மாற்றங்கள் செய்து அதைக் கச்சேரி வாத்தியமாக்கினார். அவர் வழி தனிவழி; பேண்டுக்கு அது பொருந்தவில்லை.

மாநகராட்சியின் சொந்தப் பேண்டைப் பற்றி கிரிகரி பூத் 1990களில் எழுதிய ஆய்வுக் கட்டுரை, அதைச் சமூக மாற்றத்தின் கதையாகவும் சுதேசமயமானதன் கதையாகவும் தலைப்பிலேயே அறிவிக்கிறது. சீருடை வெள்ளைக்காரனுடையதாக இருக்க, உள்ளே பாட்டு மாறியது.

பாட்டை மாற்றிய பெரும் சக்தி சினிமா. இங்கே ஒரு முரண். கோடம்பாக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் பித்தளைக் கருவிக்காரர்கள் ஐந்து கோட்டைப் பார்த்தே வாசித்தார்கள். மயிலாப்பூர் லஸ்ஸில் ஒரு லாட்ஜ் அறையில் இருந்தபடி மேலையிசை கற்பித்த தன்ராஜ் மாஸ்டரிடம் பயின்ற இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’க்குப் பின் ஒவ்வொரு கருவிக்கும் உரிய பார்ட்டைத் தம் கையாலேயே எழுதினார். தமிழ்ப் பாட்டுக்குப் பேண்டு வாசிக்கத்தக்க முழுமையான தாள் ஒரு காலத்தில் இல்லை என்றால், இப்போது நாள்தோறும் எழுதப்பட்டது. ஆனால் அது கடைக்கு வரவில்லை. ஒலிப்பதிவு முடிந்ததும் அந்தத் தாளின் வேலை முடிந்தது. சில கிலோமீட்டர் தள்ளி, மாட வீதியில் ஜானவாசத்துக்கு வாசிக்கும் செட்டு, அதே பாட்டை ரேடியோவிலும் கேசட்டிலும் கேட்டு மறுபடி ஸரிகமவாக எழுதிக்கொண்டது. திறந்த காரில் மாப்பிள்ளை, இருபக்கமும் பெட்ரோமாக்ஸ், முன்னால் கிளாரினெட். ‘பாசமலர்’ (1961), ‘சாரதா’ (1962) படங்களின் கல்யாணப் பாட்டுகள் அந்த நோட்டுப் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி ஆலயத்தில் ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாப் பருவம் வந்தால், அதே ஆட்கள் மாதா பாடல்களுக்குப் பக்கத்தைப் புரட்டுவார்கள்.

தாளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லாத இடம் அரசு விழா. தேசிய கீதத்துக்கு இசைக்குறிப்பு வகுக்க 1919இல் மதனபள்ளியில் தாகூருக்குத் துணைநின்றவர், அடையாறு பிரம்மஞான சபையைச் சேர்ந்த மார்கரெட் கசின்ஸ். பின்னர் ஹெர்பர்ட் முரில் அதை வாத்தியக் குழுவுக்காக அமைத்தார். முழு வாசிப்புக்கு 52 வினாடி. தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எம்.எஸ். விசுவநாதன் இசையமைத்தார், 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை மோகன ராகம், மூன்றன் நடை, 55 வினாடி என்று வரையறுத்தது. ஒரு பாட்டின் ராகத்தையும் நடையையும் கோட்டையே ஆணையாக வெளியிட்டதை முத்துசுவாமி தீட்சிதர் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். மோகனத்தில் சுரம் ஐந்தே. ஆறரைக் கட்டையில் எடுத்தால் கிளாரினெட் தாளில் ஒரு ஷார்ப்பும் வேண்டாம், ஒரு ஃபிளாட்டும் வேண்டாம்.