விண்டோஸ் 98-இல் அப்பா அடித்த மனு

வட்டி, என்.ஆர்.ஐ. கணக்கு என்று எழுதிக்கொண்டிருந்தவன் திடீரென்று கம்ப்யூட்டரைப் பற்றி எழுதுகிறானே என்று பார்க்காதீர்கள். படித்தது பி.காம்., பிழைப்பது வங்கியில். ஆனாலும் 2001-லிருந்து 2006 வரை எங்கள் வீட்டு விண்டோஸ் 98 பொட்டிக்கு டாக்டர், கம்பவுண்டர் எல்லாம் நான்தான். அந்தப் பொட்டியை போன விடுமுறையில் பரணிலிருந்து இறக்க வேண்டியதாயிற்று. காரணம், அக்காவின் ஒரு போன் கால்.

"லேய், அப்பா தாலுகாவுக்கு எழுதின மனு ஓர்மை இருக்கா? அதோட நகல் வேணும். பேப்பரை எல்லாம் கரையான் தின்னு போச்சு."

விஷயம் புரிய ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பாறசாலைப் பக்கம், நெய்யாற்றின்கரை தாலுகா. கிழக்கே கொஞ்ச தூரம் போனால் களியக்காவிளை, அது தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானது. நேசமணி முன்னின்று நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது, கிடைக்கவில்லை. அப்போது அப்பாவுக்கு 10 வயது. அவர் வீட்டில் தமிழ், கடையில் இரண்டும் கலந்து, அலுவலகத்தில் மலையாளம் என்று வாழ்ந்து பழகியவர்.

தாத்தாவின் பழைய ஆதாரம் (பத்திரத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) தமிழில் இருந்தது. பிந்தைய பதிவுகள் மலையாளத்தில். தமிழில் 'ப' ஒன்றுதான், மலையாளத்தில் அந்த இடத்தில் நாலு எழுத்து. தாத்தா பெயரை ஒரு பதிவில் ஒரு 'ப'வும், இன்னொன்றில் வேறு 'ப'வும் போட்டு எழுதிவிட்டார்கள். ஆக ஒரு மனுஷன் இரண்டு மனுஷன் ஆகிவிட்டார். அதைத் திருத்தச் சொல்லித்தான் 2003-இல் அப்பா மனு எழுதினார், அதுவும் தமிழில். 1969-ஆம் வருட கேரள ஆட்சிமொழிச் சட்டத்தில், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலும் அந்த மொழியிலேயே பெறலாம் என்று இருக்கிறது. அப்பாவுக்கு அந்தப் பிரிவு மனப்பாடம்.

சரி, பொட்டிக்கு வருவோம். 2001 கடைசியில் வாங்கிய அசெம்பிள்டு கம்ப்யூட்டர், நினைவகம் 64 எம்.பி. எக்ஸ்பி அந்த அக்டோபரிலேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கு 128 எம்.பி. இருந்தால் நல்லது என்று மைக்ரோசாப்டே சொன்னதால், கடைக்காரர் 98-ஐப் போட்டுக் கொடுத்தார். என் வைத்தியமெல்லாம் அன்று எல்லோரும் செய்ததுதான். எம்எஸ்கான்ஃபிக் திறந்து, தொடக்கத்தில் தானாக ஓடும் நிரல்களின் டிக்கை எடுப்பது. பொட்டி படுத்துவிட்டால் டாஸில் போய் 'ஸ்கேன்ரெக் ரீஸ்டோர்' கொடுத்து, விண்டோஸ் தானே எடுத்து வைத்திருக்கும் 5 ரெஜிஸ்ட்ரி நகல்களில் ஒன்றைத் திரும்ப வைப்பது. எழுத்துருக்கள் ஆயிரத்தை நெருங்கினால் 98 திணறும், எனவே வேண்டாததை நீக்குவது. இந்தக் கடைசி வைத்தியத்தில்தான் அப்பாவுக்கும் எனக்கும் சண்டை. வேண்டாதது என்று நான் நினைத்ததெல்லாம் அவருடைய தமிழ் எழுத்துருக்கள்!

அத்தனை எழுத்துரு ஏன்? விண்டோஸ் 98-க்குத் தமிழ் என்று ஒரு மொழி இருப்பதே தெரியாது. ஒரு எழுத்துருவில் இருந்த 256 இடத்தில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் குறிகளுக்கும். மீதியில் தமிழை எங்கே வைப்பது என்று ஆளாளுக்கு ஒரு வழி கண்டார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு அஞ்சலைத் தொடங்கியிருந்தார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியதும் அவர்தான். உலகெங்கும் இருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே விவாதித்து 'டிஸ்கி' என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 சென்னை மாநாட்டையொட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று இரண்டைத் தரமாக அறிவித்தது. இத்தனைக்கும் நடுவே பத்திரிகைகள் ஒவ்வொன்றும் சொந்த எழுத்துரு வைத்திருந்தன. கவனித்தீர்களா, இதில் பாதி வேலை நம்மைப் போல வெளியூரில் இருந்தவர்கள் செய்தது. வீட்டுக்குத் தமிழில் கடிதம் எழுதும் ஆசைதான் அடிப்படை.

டிஸ்கியில் ஒரு வேடிக்கை. 'இ' எழுத்தை 173-ஆம் இடத்தில் வைத்தார்கள். கம்ப்யூட்டர் கணக்கில் அது கண்ணுக்குத் தெரியாத இணைப்புக்கோட்டின் இடம். சில நிரல்களில் 'இ' மட்டும் மாயமாகிவிடும். பிறகு 1.7 பதிப்பில் அதற்கு இன்னொரு இடமும் கொடுத்தார்கள்.

அப்பா பிடித்துக்கொண்டது பாமினியை. டைப்ரைட்டிங் பழகியவர், பாமினியின் விசை அமைப்பும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் பாமினி மீதி 128-க்குப் போகாமல் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே பெரும்பாலும் உட்கார்ந்துகொண்டது. 'அம்மா' என்று அடித்தால் கம்ப்யூட்டர் சேமித்து வைப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இருந்தால் அம்மா, இல்லாவிட்டால் கிறுக்கல்.

இதற்கெல்லாம் மருந்து யூனிகோடு. 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்குத் தனி இடம் உண்டு. ஆனால் 'லதா' எழுத்துருவோடு அதை விண்டோஸுக்குள் பார்க்க 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு வரவேண்டியிருந்தது. எக்ஸ்பியிலும் சும்மா வராது. கண்ட்ரோல் பேனலில் மொழிப் பக்கம் போய், 'சிக்கலான எழுத்துகளும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளும்' என்ற பெட்டியில் டிக் போட்டு, எக்ஸ்பி சிடியைச் செருகி, ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். இடமிருந்து வலமாக எழுதும் தமிழன் அந்தப் பெட்டியை எப்படித் தேடுவான், சொல்லுங்கள்! அதைச் செய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

98-காரர்களுக்கும் ஒரு குறுக்குவழி இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5.5 அல்லது 6 போட்டு, ஒரு யூனிகோடு எழுத்துருவையும் சேர்த்தால் பக்கங்களைப் படிக்கலாம், தலைப்புப் பட்டையில் மட்டும் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். அதற்கு நான் வைத்திருந்தது 'தேனீ' எழுத்துரு. செய்தவர் அதிராம்பட்டினத்து உமர்தம்பி, அமீரகத்தில் வேலை பார்த்தவர், 2006-இல் மறைந்தார். எழுதுவதற்கு முகுந்தராஜின் இ-கலப்பை வந்தது. மலையாளத்துக்கோ எக்ஸ்பியில் 2004-இன் இரண்டாவது சர்வீஸ் பேக் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எல்லைக்காரனான எனக்கு அதுவும் தேவைப்பட்டது.

2006-இல் நான் மஸ்கட் வந்தேன். அந்த ஜூலை 11-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் 98-ஐக் கைகழுவியது. அப்பா 2012-இல் போய்ச் சேர்ந்தார். பொட்டி பரணுக்குப் போயிற்று.

இப்போது அதன் பவர் சப்ளைக்கு உயிர் இல்லை. ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇ-யை யூஎஸ்பியாக மாற்றும் ஒரு கருவியில் மாட்டினேன். தட்டு சுற்றும் சத்தம் கேட்டது, அக்கா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். மனு என்ற பெயரில் கோப்பு கிடைத்தது (பெயர் ஆங்கில எழுத்தில்தான், 98-இல் தமிழில் பெயர் வைக்க வழியில்லை). திறந்தால் 4 பக்கமும் எம், கே, அரைப்புள்ளி.

அதே டிஸ்க்கில் விண்டோஸின் எழுத்துருக் கோப்புறைக்குள் போனேன். பாமினி அங்கேயே இருந்தது, அன்று சண்டை போட்டு அப்பா நீக்கவிடாமல் வைத்த அதே பாமினி. நகல் எடுத்து என் விண்டோஸ் 11 மடிக்கணினியில் நிறுவினேன். பக்கம் தமிழானது.

அதோடு விடக்கூடாது. எழுத்துரு வெறும் முகமூடிதான், அடியில் கிறுக்கல் அப்படியே இருக்கும். சுரதாவின் பொங்குதமிழ் மாதிரி ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் தமிழென்று நினைத்து மாற்றிவிடும். எண்கள் தப்பிக்கும். அதனால் பத்தி பத்தியாக மாற்றி, மூலத்தோடு வரி வரியாக ஒப்பிட்டேன். வங்கியில் லெட்ஜர் சரிபார்ப்பது போலத்தான்.

மனுவின் அடியில் அப்பா ஒரு குறிப்பு சேர்த்திருந்தார். தமிழில் பதில் வந்த தேதியும், அதன் கோப்பு எண்ணும். அப்படி ஒரு பதில் வந்ததே எங்களுக்குத் தெரியாது. அந்த எண்ணைக் காட்டி அக்கா புதிதாக மனு கொடுத்திருக்கிறாள், தமிழிலேயே. இன்னும் முடியவில்லை, ஆனால் பேச ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது உங்கள் வீட்டுப் பரணையும் பாருங்கள். பழைய பொட்டியை ஆக்கர்காரருக்குப் போடும் முன் கோப்புகளை மட்டும் எடுக்காதீர்கள், எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து நகல் எடுங்கள். பிறகு உட்கார்ந்து யூனிகோடாக மாற்றி, பிடிஎஃப் ஒன்றும் எடுத்து, இரண்டு பேரிடமாவது கொடுத்து வையுங்கள். எங்கள் மனுவின் ஒரு நகல் இப்போது அக்கா மகளிடம் இருக்கிறது.