தெரியாத வேலைக்குத் தேதி போடுவது எப்படி?

கொஞ்ச நாள் முன்னாடி செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில வகுப்பு எடுக்கக் கூப்பிட்டிருந்தாங்க. பேராசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் புராஜெக்ட் மேனேஜ்மென்ட் சொல்லித் தரணும். நானும் ஆபீஸ்ல போடற கட்டம், அம்புக்குறி எல்லாம் போர்டுல போட்டேன். ஒரு பேராசிரியர் எழுந்தார். "சார், இதெல்லாம் வீடு கட்டறவங்களுக்குச் சரி. எங்களுக்கு என்ன கிடைக்கும்னே தெரியாது. அதுக்கு எப்படித் தேதி போடறது?"

பதில் தோணலை. சாப்பாட்டு நேரம்னு சொல்லித் தப்பிச்சேன். வீட்டுக்கு வந்தப்புறம்தான் உறைச்சது, பதில் பக்கத்துலயே, மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்துல இருக்குன்னு.

முதல்ல அந்த அம்புக்குறிப் படத்தோட கதை. 'பெர்ட்'னு பேர். 1958-ல் அமெரிக்கக் கடற்படை பொலாரிஸ் ஏவுகணைக்காக உருவாக்கியது. அதுவும் அதுவரை யாரும் செய்யாத வேலைதான். அதனால ஒவ்வொரு வேலைக்கும் மூணு கணக்கு: நல்லபடியா நடந்தா 2 மாசம், வழக்கமா 4, சொதப்பினா 12. நடு எண்ணை நாலால பெருக்கி, மத்த ரெண்டையும் கூட்டி, ஆறால வகுத்தா 5 மாசம். 'தெரியாது'ங்கிறதையும் கணக்குல சேர்க்கிற வித்தை.

ஆனா அதுக்கும் அடங்காத விஷயம் உண்டு. 1969-ல் பிரான்சோட ஒப்பந்தம். அங்கே இருந்த ரப்சோடி உலையை மாதிரியா வச்சு கல்பாக்கத்துல ஒரு வேக ஈனுலை கட்டணும். நம்ம ஆட்கள் அங்கே போய்ப் பயிற்சியும் எடுத்தாங்க. எரிபொருளுக்குச் செறிவூட்டிய யுரேனியம் வெளியேருந்து வரும்னு திட்டம். 1974 மே மாசம் பொக்ரான் சோதனை. அதோட அந்தக் கதவு சாத்தியாச்சு. இது தாமதம் இல்லைங்க, போட்ட பாதையே காணாமப் போனது.

மாற்று வழி தேடினாங்க: 70 பங்கு புளுட்டோனியம் கார்பைடு, 30 பங்கு யுரேனியம் கார்பைடு. அதை முழு எரிபொருளா வச்சு உலகத்துல எந்த உலையும் ஓடினதில்லை. 1985 அக்டோபர் 18-ல் உலையில தொடர்வினை ஆரம்பிச்சது. ஆனா 40 மெகாவாட் உலையை ஒரேயடியா முடுக்கலை. சின்ன அளவுல ஓட்டி, எரிஞ்ச எரிபொருளை எடுத்துச் சோதிச்சு, தாங்குதுன்னு தெரிஞ்சப்புறம் அடுத்த படி. டன்னுக்கு 25,000 மெகாவாட்-நாள்னு வச்ச எல்லை, இப்படி ஏறி ஏறி 1,65,000 வரைக்கும் போச்சு. நடுவுல 1987-ல் எரிபொருளைக் கையாளும்போது ஒரு விபத்து. 1989 வரை உலை நின்னது. முழு 40 மெகாவாட்டைத் தொட்டது 2022 மார்ச்சில்.

தேதியை மட்டும் பார்த்தா இது தோல்வின்னு சொல்லிடலாம். ஆனா அவங்க தேதியை நம்பிப் போகலை, ஒவ்வொரு படியிலயும் 'எதைத் தெரிஞ்சுக்கணும், தெரிஞ்சப்புறம் என்ன முடிவு'ன்னு வச்சிருந்தாங்க.

ஆய்வு மாணவருக்கு 37 வருஷம் கிடையாது. யுஜிசி உதவித்தொகை 5 வருஷத்துல நின்னுடும். அதனாலதான் இது அவங்களுக்கு இன்னும் அவசியம். முடிவு எப்போ வரும்னு எழுத வேண்டாம். 'ஆறாம் மாசம் இந்தச் சோதனை. சரிவரலைன்னா இந்த மாற்று வழி'ன்னு எழுதலாமே!

அடுத்த வகுப்புல போர்டுல முதல்ல கல்பாக்கம்னுதான் எழுதப் போறேன். அந்தப் பேராசிரியரும் வந்தா நல்லாருக்கும்.