குரோம் என்றால் வண்ணம்

கடற்கரை – தாம்பரம் மின்ரயில் தடத்தில் பல்லாவரத்துக்கு அடுத்த நிறுத்தம் குரோம்பேட்டை. சுற்றியிருக்கும் ஊர்களெல்லாம் பழம்பெயர் கொண்டவை. பல்லாவரம் பல்லவபுரம் என்ற பெயரின் மருவல். திருநீர்மலை ஆழ்வார் பாடல் பெற்றது. இந்த ஓர் ஊர் மட்டும் ஒரு தோல் தொழிற்சாலையின் பெயரைத் தன் பெயராக்கிக்கொண்டது. ஜி. ஏ. சேம்பர்ஸ் என்பவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவிய குரோம் லெதர் கம்பெனிதான் அது. அவர் பெயரில் இங்கே ஒரு காலனியும் உண்டு. பேட்டை என்பது தொழிலோ சந்தையோ ஓர் இடத்தில் நிலைத்து, அதைச் சுற்றிக் குடிகள் சேரும்போது தமிழர் வழக்கமாகச் சேர்க்கும் சொல். சைதாப்பேட்டை, ராணிப்பேட்டை, வண்ணாரப்பேட்டை என்று பட்டியல் நீளும். ஆக, பெயரின் பின்பாதியில் புதிர் இல்லை. முன்பாதிதான் நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது.

1797இல் வோக்லான் என்ற பிரெஞ்சு வேதியியலாளர், சைபீரியாவிலிருந்து வந்த செந்நிறக் கனிமம் ஒன்றை ஆராய்ந்து அதற்குள் ஒரு புதிய உலோகம் இருப்பதைக் கண்டார். அந்த உலோகம் எதனோடு சேர்ந்தாலும் ஒரு நிறம் பிறந்தது. ஈயத்தோடு சேர்ந்தால் மஞ்சள், ஆக்சைடாக நின்றால் பச்சை, டைகுரோமேட் உப்பாக மாறினால் ஆரஞ்சு. மாணிக்கத்தின் சிவப்புக்கும் மரகதத்தின் பச்சைக்கும் இதன் சிறு கலப்பே காரணம். அதனால் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘குரோமா’விலிருந்து அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு முன்னால் இன்னொரு சொல் உண்டு: ‘குரோஸ்’. அதன் பொருள் தோல், மேனி. மேனியைச் சொன்ன சொல் மேனியின் நிறத்தைச் சொல்லத் தொடங்கி, பிறகு எல்லா நிறத்துக்கும் பொதுவாயிற்று. நியூயார்க்கில் 1884இல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பால் தோல் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1903 முதல் ஆல்பிரட் சாட்டர்டன் அதைச் சென்னையில் சோதித்துப் பார்த்தார். அதுவரை நம் பக்கத்தில் ஆவாரம்பட்டைதான். வாரக்கணக்கில் ஊறவைக்க வேண்டும். குரோமில் ஓரிரு நாளில் வேலை முடியும், தோலும் இளநீலமாக வெளியே வரும். தொழிலில் இருப்பவர்கள் அதை ‘வெட் ப்ளூ’ என்பார்கள். தோலிலிருந்து புறப்பட்ட ஒரு சொல் நிறமாகி, உலோகமாகி, மறுபடியும் தோலுக்கே திரும்பி, ஒரு ரயில் நிலையப் பலகையில் வந்து அமர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களில் இத்தனை நீளமான பயணம் வேறெதற்கும் இல்லை.

இந்தச் சொல்லுக்குப் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. நான் பேச வந்தது அந்தக் கிளையைப் பற்றி. பழைய கிரேக்கர்கள் தங்கள் இசையின் சுர அமைப்புகளை மூன்றாகப் பிரித்தபோது, நடுவில் நின்ற வகைக்குக் ‘குரோமா’ என்றே பெயரிட்டார்கள். சுரங்களை நெருக்கி நகர்த்துவது அவர்கள் காதுக்கு வண்ணம் பூசுவதாகப் பட்டிருக்கிறது. மேலை இசையில் பன்னிரண்டு அரைச்சுரங்களும் வரிசையாக வரும் ஏணிக்கு இன்றும் ‘குரோமாட்டிக்’ என்றே பெயர்.

தமிழிலும் நிறத்துக்கான சொல் இசைக்குள் போனது. ஆனால் வேறு வாசல் வழியாகப் போனது. கிரேக்கர் நிறத்தைச் சுரத்தில் கண்டார்கள். நாம் தாளத்தில் கண்டோம்.

‘வண்ணம்’ என்ற சொல்லை அகராதிகள் வடமொழி ‘வர்ண’த்தின் பிராகிருத வடிவத்தோடு சேர்க்கின்றன. தமிழ் வேர் காட்டுவோரும் உண்டு. வேர் எதுவாக இருந்தாலும், அந்தச் சொல்லுக்குத் தமிழ் கொடுத்த வாழ்வு தனி. தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளைச் சொல்லும்போது வண்ணத்தையும் ஓர் உறுப்பாக எண்ணி, அதை இருபதாக விரிக்கிறது. வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம், நெடுஞ்சீர் வண்ணம், குறுஞ்சீர் வண்ணம், சித்திர வண்ணம், தூங்கல் வண்ணம், உருட்டு வண்ணம், முடுகு வண்ணம் என்று போகும் அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொன்னாலே ஒவ்வொன்றின் நடையும் தெரிந்துவிடும். நெடிலும் குறிலும் விரவி வந்தால் அது சித்திர வண்ணம். ஓவியத்தின் பெயரை எழுத்தின் கால அளவுக்கு வைத்திருக்கிறார்கள். உரையாசிரியர் பேராசிரியர் வண்ணத்தைச் சந்த வேறுபாடு என்று விளக்குகிறார். நிறம் என்று பொருள்படும் சொல்லுக்கு ஓர் இலக்கண உரையாசிரியர் எந்தத் தயக்கமும் இல்லாமல் சந்தம் என்று பொருள் எழுதுகிறார் என்றால், அவர் காலத்தில் அது அவ்வளவு இயல்பாக இருந்திருக்க வேண்டும்.

பின்வந்த யாப்பு நூலார் இதை இன்னும் விரித்தார்கள். தூங்கிசை, ஏந்திசை, அடுக்கிசை, பிரிந்திசை, மயங்கிசை என ஐந்து. அகவல், ஒழுகிசை, வல்லிசை, மெல்லிசை என நான்கு. குறில், நெடில், வலி, மெலி, இடை என ஐந்து. ஒன்றை மற்றொன்றால் பெருக்கினால் நூறு வண்ணங்கள். யாப்பருங்கல உரையில் இந்தப் பெருக்கலைப் பார்க்கும்போது, வாய்ப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வேலி எதுவும் போட்டுக்கொள்ளாத ஒரு மனம் தெரிகிறது.

நூறு என்ற எண்ணிக்கையைவிட, அது எவற்றால் ஆனது என்பதுதான் எனக்கு முக்கியம். அந்தப் பெருக்கலில் கால அளவு மட்டும் இல்லை. ஒலியின் தன்மையும் சரிபாதி இடம் பெறுகிறது. இதை மிகத் தெளிவாக எழுதி வைத்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் (1839–1898). பட்டப்பெயரிலேயே வண்ணத்தைச் சுமந்தவர். ‘வண்ணத்தியல்பு’ என்றே ஓர் இலக்கண நூல் செய்தார். அவர் வகுத்த அடிப்படைச் சந்தங்கள் தத்த, தாத்த, தந்த, தாந்த, தன, தான, தன்ன, தய்ய என்ற எட்டு. ஒவ்வொன்றின் ஈற்றையும் நீட்டினால் இன்னும் எட்டு.

இதில் தத்த, தந்த, தன்ன, தய்ய என்ற நான்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். சிட்டு என்பது தத்த. பந்து என்பது தந்த. மண்ணு என்பது தன்ன. வில்லு என்பது தய்ய. விரலால் தட்டி எண்ணினால் நான்கும் ஒரே நீளம். மெட்ரோனோம் கருவிக்கு இவற்றுக்குள் எந்த வேறுபாடும் தெரியாது. வண்ண இலக்கணத்துக்கோ இவை நான்கும் வேறு வேறு. சிட்டு வர வேண்டிய இடத்தில் பந்து வந்தால் பாட்டு பிழை. எண்ணிக்கை சரியாக இருந்தும் நிறம் மாறிவிட்டது என்பதுதான் அந்தப் பிழை. வண்ணம் என்ற பெயர் ஏன் வந்தது என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தமிழ் யாப்பில் ஓசையின் நிறத்தைக் கழித்துவிட்டு ஓசையின் கணக்கை மட்டும் தனியே எடுக்க முடியாது.

இந்த இலக்கணத்தின் உச்சம் அருணகிரிநாதர். பதினைந்தாம் நூற்றாண்டில் அவர் பாடிய திருப்புகழில் இன்று கிடைப்பவை 1,300 பாடல்களுக்கு மேல். அவற்றின் பழைய மெட்டுகள் நமக்கு வந்து சேரவில்லை. தாளம் மட்டும் வந்து சேர்ந்தது. காரணம், அது ஏட்டு ஓரத்துக் குறிப்பாக இல்லாமல் எழுத்துகளுக்குள்ளேயே இருந்தது. தத்தவும் தந்தவும் அடுக்கப்பட்ட முறையைப் படித்தாலே தாளத்தை மீட்டுவிடலாம். திருப்புகழ் பாடும் அன்பர்கள் கையில் வைத்திருக்கும் புத்தகங்களைப் பாருங்கள். பாட்டின் தலைப்பில் ராகத்தோடு ‘அங்கதாளம்’ என்று போட்டு, பக்கத்தில் 5½ என்றோ 7½ என்றோ அச்சிட்டிருக்கும். அதன் கீழே பிரிவு: தகிட 1½, தகதிமி 2, தகதிமி 2. மொத்தம் ஐந்தரை. அட்சரத்தின் பாதியையும் எண்ணி இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்ற எழுத்தர்களும் கூடி உட்கார்ந்து, தொடையில் தட்டிக்கொண்டு பிசகாமல் பாடுவார்கள். குரோம்பேட்டை குமரன் குன்றத்து முருகன் கோயில் படியேறிப் போகிற எத்தனையோ பேருக்கு இந்த ஐந்தரை தண்ணீர்பட்ட பாடு. அது கடினமான தாளம் என்று யாரும் அவர்களிடம் சொன்னதில்லை.

மேடைக்கச்சேரியில் இந்தத் தாளங்களுக்குப் பெரிய இடம் வாங்கித் தந்தவர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை (1889–1934). மிருதங்கம், கஞ்சிரா, கொன்னக்கோல் என்று லயக்காரர்கள் நிரம்பிய அவருடைய கச்சேரியை ‘ஃபுல் பெஞ்ச்’ என்று ரசிகர்கள் அழைத்தார்கள். அந்தப் பெயரில் ஒரு நீதிமன்றத்துக்குரிய மரியாதை இருக்கிறது. கேட்பவர்களும் கையில் தாளம் போட்டுக்கொண்டு வழக்கைத் தொடர்ந்தார்கள்.

இப்படிக் கேட்பவர்களால் வாழ்ந்த இன்னோர் இசையைத் தேடி இப்போது கடல் கடந்து போவோம். அமெரிக்காவின் லூயிவில் நகரத்து இளைஞர்கள் நால்வர் ‘ஸ்லிண்ட்’ என்ற பெயரில் ஓர் இசைக்குழு வைத்திருந்தார்கள். 1990இல் அவர்கள் பதிவு செய்த ‘ஸ்பைடர்லேண்ட்’ இசைத்தொகுப்பு 1991 மார்ச்சில் வெளிவந்தபோது குழு கலைந்துவிட்டிருந்தது. கச்சேரிப் பயணம் இல்லை, விளம்பரம் இல்லை, வாங்கியவர்களும் சொற்பம். பிறகு நடந்ததெல்லாம் கேட்டவர்களின் வேலை. ஒருவர் இன்னொருவருக்குப் போட்டுக் காட்டினார். அந்த இன்னொருவர் ஒரு குழுவைத் தொடங்கினார். 2014இல் அது பெரிய பெட்டித் தொகுப்பாக மறுபடி வந்தது, அதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. அந்த வழியில் கிளைத்த இசைக்கு ‘மேத் ராக்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது. கணக்கு ராக். நாலு நாலாகப் போகாமல் ஐந்திலும் ஏழிலும் பதினொன்றிலும் நடப்பதால் வந்த பெயர்.

அந்தப் பெயர் அந்த இசைக்குப் பாதி நியாயம்தான் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பெயரைக் கேட்டவர்கள் அங்கே எண்களைத் தேடிப் போகிறார்கள். நம் ஊரிலும் கணக்கு என்பது ஒரு வசை: தனி ஆவர்த்தனத்தில் ஒருவர் கோர்வைகளை அடுக்கினால், “எல்லாம் கணக்கு, சௌக்கியம் இல்லை” என்று எழுந்து காபிக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ‘ஸ்பைடர்லேண்ட்’டை விடாமல் கேட்டவர்கள் எண்ணுவதற்காகக் கேட்கவில்லை. கிசுகிசுப்பாக ஒருவர் பேசுகிறார். கித்தார் தந்தி கிட்டத்தட்ட மூச்சளவில் அதிர்கிறது. அடுத்த கணம் அதே எண்ணிக்கை இரைச்சலாக வெடிக்கிறது. எண் மாறவில்லை. தந்த தத்தவாகிவிட்டது. மெல்லிசை வண்ணம் வல்லிசை வண்ணமாகத் திரும்பும் அந்த வளைவில்தான் கேட்பவரின் உடம்பு சிலிர்க்கிறது. எண்ணிக்கை தெரிந்தவருக்கு அந்தச் சிலிர்ப்பு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. வளைவு எங்கே வரும் என்று அவருக்கு முன்பே தெரியும். அதற்காக அவர் காத்திருக்கிறார். இந்த இசைக்குத் தமிழில் பெயர் வைக்கச் சொன்னால் வண்ண ராக் என்றுதான் வைப்பேன்.

கேட்டவர்களின் வேலை என்றேன். அதற்குத் தமிழில் இருக்கும் மிகப் பெரிய எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். 1870களின் தொடக்கத்தில் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் சிதம்பரம் தீட்சிதர்கள் தொடர்பான ஒரு வழக்கு. தங்கள் பெருமைக்குச் சான்றாக அவர்கள் தில்லை மூவாயிரவரைப் போற்றும் ஒரு திருப்புகழ்ப் பாடலை எடுத்துக் காட்டினார்கள். வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை அந்தப் பாட்டைக் கேட்டார். பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனவர் அவர், அப்போது இளைஞர். திருப்புகழ் முழுவதும் அச்சில் இல்லாத காலம் அது. பாடல்கள் ஊர் ஊராக ஏடுகளில் சிதறிக் கிடந்தன. ஒரே ஒரு பாட்டின் ஓசை அவரைப் பிடித்துக்கொண்டது. உத்தியோகத்துக்கு நடுவே பல ஆண்டுகள் சுவடி தேடி அலைந்து, 1890களில் முதல் பாகத்தை அச்சிட்டார், சில ஆண்டுகளில் இரண்டாவதையும் கொண்டுவந்தார். அவர் பாடகர் என்று பெயரெடுத்தவர் இல்லை. கேட்டவர். அவர் மகன் செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தொடர்ந்து உரை எழுதினார். நாயனாப் பிள்ளை மேடையில் பாடிய திருப்புகழும், குன்றத்தில் இன்று பாடப்படும் திருப்புகழும் நீதிமன்றத்தில் நின்ற அந்த இளைஞரின் காதுக்குக் கடன்பட்டவை.

திருப்புகழ்ப் பதிப்புகளில் ஒவ்வொரு பாட்டின் தலையிலும் தனதன, தந்தன என்று ஒரு வரி அச்சாகியிருக்கும். சந்தக் குழிப்பு என்பது அதன் பெயர். பலரும் அதைத் தாண்டிப் பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் அந்த வரியிலேயே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்று விரும்புகிறேன். உரக்கப் படியுங்கள், தொடையில் தட்டுங்கள், ‘த்’ வரும் இடத்தில் அழுத்துங்கள், ‘ந்’ வரும் இடத்தில் விட்டுப் பிடியுங்கள். கை பழகிய பிறகு ‘ஸ்பைடர்லேண்ட்’டையும் ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.