முதியோர் நலத்தில் குழுப் பயிற்சி: உடலியக்கமும் கூட்டமும்

முதியோர் ஒன்றுகூடி உடற்பயிற்சி செய்வதால் விளையும் நன்மையில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, கூடுதலின் பங்கு எவ்வளவு என்ற வினா எளிதில் விடை காணத் தக்கதன்று. ஏனெனில் இரண்டும் ஒரே வேளையில், ஒரே இடத்தில் நிகழ்கின்றன. எனினும், வெவ்வேறு நாடுகளில் நடந்த மூன்று ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, ஒன்றின் இடத்தை மற்றொன்று நிரப்ப இயலாது என்பது புலப்படுகிறது.

அமெரிக்காவின் எட்டு மையங்களில் நடத்தப்பட்டு 2014இல் வெளியான 'லைஃப்' ஆய்வு, 70 முதல் 89 வயது வரையிலான, நடமாட்டம் தளரத் தொடங்கிய 1,635 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் வாரம் இருமுறை மையத்திற்கு வந்து நடைப்பயிற்சியும் தசை வலுவூட்டும் பயிற்சியும் மேற்கொண்டதோடு வீட்டிலும் அவற்றைத் தொடர்ந்தனர். மற்றவர்கள் உடல்நலக் கல்வி வகுப்புகளில் கூடினர். சராசரியாக 2.6 ஆண்டுகளில், 400 மீட்டர் தூரத்தை நடந்து கடக்க இயலாத நிலையை அடைந்தோர் முதற்பிரிவில் 30.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 35.5 விழுக்காடு. இங்கே கருதத்தக்கது, ஒப்பீட்டுப் பிரிவினரும் கூடிப் பழகியவர்களே என்பதாகும். ஆகவே இந்த வேறுபாட்டைத் தோழமையின் கணக்கில் மட்டும் எழுதிவிட முடியாது.

மனநலத்திலும் இதே போக்கைக் காணலாம். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், மருந்துகளால் போதிய பலன் பெறாத மனச்சோர்வு நோயாளிகள் 86 பேரிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், பத்து வாரக் குழுப் பயிற்சி பெற்றோரில் 55 விழுக்காட்டினரின் நோய்க்குறிகள் குறிப்பிடத்தக்க அளவு தணிந்தன. நலவாழ்வு உரைகளைக் கூடிக் கேட்டோரில் அவ்வாறு தணிந்தவர்கள் 33 விழுக்காட்டினரே.

அவ்வாறாயின் கூட்டம் வெறும் புறச்சூழல்தானா? ஜப்பானின் ஐச்சி மாநிலத்தில் முதியோர் 11,581 பேரை நான்காண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வு அதனை மறுக்கிறது. விளையாட்டுக் குழுக்களில் சேர்ந்து பயிற்சி செய்தோருடன் ஒப்பிடுகையில், தனித்துப் பயிற்சி செய்தோர் செயலிழப்புக்கு, அதாவது அன்றாட வாழ்வில் பிறர் பராமரிப்பை நாடவேண்டிய நிலைக்கு, ஆளாகும் வாய்ப்பு ஏறத்தாழ 1.29 மடங்காக இருந்தது. உடல்நலம் மிக்கவர்களே குழுவில் சேர்கிறார்கள், குழு அவர்களுக்கு நலம் தரவில்லை என்ற மறுப்பு நியாயமானதே. குலுக்கல் முறையைப் பின்பற்றாத ஆய்வு எதுவும் அந்த ஐயத்திலிருந்து முற்றிலும் விடுபடாது. ஆயினும் இங்கு ஒப்பிடப்பட்ட இரு சாராரும் பயிற்சி செய்யும் பழக்கமுள்ளவர்களே ஆதலால், அந்த மறுப்பின் வலிமை ஓரளவு குன்றுகிறது.

இவ்விரு கூறுகளையும் ஒருங்கிணைத்த முயற்சியாக, ஜப்பானின் கோச்சி நகரில் 2002இல் உருவான 'இகிஇகி ஹியாக்குசாய் தைசோ' என்னும் பயிற்சியைக் குறிப்பிடலாம். நூறு வயது வரை உயிர்ப்புடன் வாழ்வதைப் பெயரிலேயே சுட்டும் இப்பயிற்சியில், முதியோர் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் எடைப்பட்டைகளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் அமர்ந்தபடி கைகால்களை மெல்ல உயர்த்தித் தாழ்த்துகின்றனர், எடையை 2.2 கிலோ வரை படிப்படியாகக் கூட்டலாம். வயது ஏற ஏறத் தசையின் பருமனும் வலுவும் குறையும் தசைநலிவுக்கு இவ்வாறு எடையைக் கூட்டிச் செல்வதே தக்க எதிர்வினை. இதனினும் சிறப்பு, அக்கம்பக்கத்தவரே கூடி இதனை நடத்துவதில் உள்ளது: நாற்காலி எடுத்துப்போடவும் வராதவரைப் பற்றி விசாரிக்கவும் முதியவர்களே முன்வரும்போது, அவர்கள் பராமரிப்பைப் பெறுபவர்களாக மட்டும் இல்லாமல் பொறுப்பேற்பவர்களாகவும் ஆகின்றனர்.

மிகவும் நலிந்தவர்களுக்கு இத்தகைய பயிற்சிகள் ஒவ்வா என்ற எண்ணத்திற்கும் சான்று துணை நிற்கவில்லை. பாஸ்டனில் முதியோர் இல்லவாசிகள் நூறு பேரிடம் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வில், அவர்களின் சராசரி வயது 87ஆக இருந்தும், பத்து வார வலுவூட்டும் பயிற்சி பெற்றோரின் தசைவலு இருமடங்குக்கும் மேலாகப் பெருகியது. ஆகவே நலிந்தோர் பயிற்சிக் கூடத்திற்கு வராமைக்கான காரணத்தை அவர்களின் வயதில் தேடுவதைவிட, கூடம் இருக்கும் தொலைவிலும் அழைத்துச்செல்ல ஆளில்லாமையிலும் தேடுவதே பொருத்தமாகும்.