இளவட்டக்கல்லும் முழங்கால் நாணும்
நெடுங்காலம் முன்பிருந்தே, தென்தமிழகத்து ஊர் மந்தைகளில் கிடந்த உருண்டைப் பாறையான இளவட்டக்கல், மணமாகாத இளைஞரின் வலிமையை அளக்கும் கருவியாக விளங்கியது. பிடிமானமற்ற, வழவழப்பான அக்கல்லைக் குந்தியமர்ந்து இரு கைகளாலும் அணைத்து, தொடைமீது உருட்டியேற்றி, நெஞ்சுக்கும் பின்னர்த் தோளுக்கும் உயர்த்திப் பின்புறமாக எறிய வேண்டும். இவற்றுள் குந்திய நிலையிலிருந்து எழும் கணமே கடுமையானது. உடலின் எடையும் கல்லின் எடையும் ஒருசேர, முழங்கால் சில்லைக் கீழ்க்கால் எலும்போடு பிணைக்கும் சில்லுநாணை இழுக்கின்றன. வலிய நார்க்கற்றையான நாணுக்குக் குருதியோட்டம் குறைவாதலால், தசை வலுப்பெறும் வேகத்தில் அது வலுப்பெறுவதில்லை; எனவே திடீரெனப் பாரம் கூட்டுவோர்க்கு அங்கு நோவு எளிதில் தோன்றும்.

நெல்லை மாவட்டத்து வடலிவிளையில் இன்றும் பொங்கலையொட்டி 45 கிலோ முதல் 129 கிலோ வரையிலான கற்கள் தூக்கப்படுகின்றன. சிறிய கல்லில் பழகிப் பெரிய கல்லுக்குச் செல்லும் இவ்வொழுங்கு மிகுந்த மதிநுட்பம் வாய்ந்தது. நாணுக்கும் இம்முறை நன்மை தரும் என்பதைப் பின்னாளில் மருத்துவமும் கண்டது: 1998-இல் சுவீடன் மருத்துவர் ஹோக்கன் ஆல்ஃபிரெட்சனும் குழுவினரும், குதிகால் நாண் நோவுற்ற ஓட்டக்காரர்களுக்கு ஓய்வை விடுத்து, பாரத்தைப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியை அளித்துப் பயன்கண்டனர். அதன் வழிவந்த குந்துப்பயிற்சிகள் இன்று முழங்கால் நாணுக்கும் பரிந்துரைக்கப்படுகின்றன.