அப்பாவின் கட்டளையும் ஒரு ஜப்பானியப் படமும்

உலக சினிமா என்றதும் தோழர்கள் அடுக்கும் பெயர்கள் குரோசவா, ஓசு, டி சிகா, பெர்க்மன். நாமும் அங்கிருந்துதான் தொடங்கினோம். திரையிடல் முடிந்து டீக்கடையில் நின்று ஒளிப்பதிவைப் பேசுவோம், படத்தொகுப்பைப் பேசுவோம். ஜப்பானிலும் தீண்டாமை உண்டு என்று அந்தப் பேச்சில் யாரும் நமக்குச் சொன்னதில்லை. அதைச் சொல்லும் படம், கோன் இச்சிகாவா 1962ல் எடுத்த 'ஹகாய்'. 'ரஷோமோன்' படத்தின் ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவாதான் இதற்கும் ஒளிப்பதிவு.

செத்த மாட்டை அகற்றியவர்களையும் தோல் பதனிட்டவர்களையும் ஜப்பானியச் சமூகம் 'எத்தா' என்று ஒதுக்கியது. அந்தச் சொல்லை எழுதும் எழுத்துகளுக்கே 'அழுக்கு மிகுந்தது' என்று பொருள். 1871ல் மெய்ஜி அரசு அந்தப் பெயரை ஒழித்து ஆணையிட்டது. ஆனால் சேரி சேரியாகவே இருந்தது. பெண் கொடுக்கவும் வேலை கொடுக்கவும் பூர்வீக ஊர் எதுவென்று விசாரித்தார்கள். இன்று அவர்களைப் புராக்கு மக்கள் என்கிறோம்.

1906ல் தோசோன் ஷிமாசாகி எழுதிய நாவல்தான் படத்துக்கு மூலம். உஷிமட்சு ஒரு பள்ளி ஆசிரியன். 'உன் பிறப்பை எவரிடமும் சொல்லாதே' என்பது அவன் அப்பாவின் கட்டளை. தன் பிறப்பை வெளிப்படையாக அறிவித்துப் போராடும் எழுத்தாளர் இனோகோ ரெண்டாரோவை மனதுக்குள் குருவாகக் கொண்டவன், அவரிடம்கூட வாய் திறக்க முடியாமல் தவிக்கிறான். இனோகோ கொல்லப்பட்ட பிறகே வகுப்பறையில் பிள்ளைகள் முன்னால் உண்மையைச் சொல்கிறான்.

நாவலில் அவன் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். பிறகு டெக்சாசுக்குப் புறப்படுகிறான். பிறந்ததற்கு எதற்கு மன்னிப்பு? யார் யாரிடம் மண்டியிட வேண்டும்?

புராக்கு மக்களே இதற்கு விடை சொன்னார்கள். 1922 மார்ச் 3 அன்று கியோட்டோவில் சுய்ஹெய்ஷா என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். மேடு பள்ளத்தைச் சமன் செய்வோர் சங்கம் என்று அதைச் சொல்லலாம். எத்தா என்பதில் பெருமை கொள்ளும் காலம் வந்துவிட்டது என்று அறிவித்தார்கள். கறுப்புக் கொடியில் இரத்தச் சிவப்பில் முள்முடி வரைந்தார்கள்.

அதே 1922ல்தான் சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 'ஆதி திராவிடர்' என்ற பெயர் அரசாணையில் ஏறியது. அவர்கள் இழிசொல்லையே கொடியாக உயர்த்தினார்கள். நம் முன்னோர் இழிசொல்லை எறிந்து வேறு பெயர் சூடினார்கள். வழி வேறு. நமக்குப் பெயர் வைக்கும் உரிமை நம்மை ஒதுக்கியவனுக்கு இல்லை என்பதில் இருவரும் ஒன்று.

சுய்ஹெய்ஷாவின் நூற்றாண்டான 2022ல் இந்தக் கதையை மீண்டும் படமாக்கினார்கள். கதை இன்னும் பழசாகவில்லை. விடுதியில் ஊர் எது, தெரு எது என்று கேட்டுச் சாதியை மோப்பம் பிடிப்பவர்களுக்கு நடுவேதான் நம் மாணவர்கள் படிக்கிறார்கள். வாடகை வீட்டுக்காகவும் வேலைக்காகவும் வாயை மூடிக்கொள்பவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. அந்த அப்பாவும் மகன் பிழைக்க வேண்டுமென்றுதான் கட்டளையிட்டார்.

தோழர்களே, அடுத்த திரையிடலில் இச்சிகாவாவின் படத்தைப் போடுங்கள். மியாகவாவின் கறுப்பு வெள்ளையை ஆசை தீர ரசியுங்கள். விளக்கு போட்ட பிறகு, பிறப்பை மறைக்க வைத்த சமூகத்தைப் பற்றியும் பேசுங்கள்.