போறணை மீனும் பழச் சம்பலும்: "இது எங்கட சாப்பாடா?"



கொஞ்சக் காலமாக எங்கட ஊர் வீடுகளில் ஒரு புதுச் சாப்பாடு புழக்கத்துக்கு வந்திருக்கிறது. பாரையோ விளைமீனோ கொடுவாவோ, முழு மீனைக் கீறி உப்பும் மிளகும் பூசி அவனில் வைத்துச் சுடுகிறார்கள். மாம்பழம், அன்னாசி, தக்காளி, வெங்காயம், பச்சைக் கொச்சிக்காய், கொத்தமல்லி இலை எல்லாவற்றையும் பொடியாக வெட்டித் தேசிக்காய்ப் புளி விட்டுக் கலந்து மேலே போடுகிறார்கள். பிள்ளைகள் யூடியூப் பார்த்துப் பழகியது. அதற்குப் பெயர் சல்சா.

இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமான பேச்சு. இளசுகள் "வெளிநாட்டுச் சாப்பாடு" என்று படம் எடுத்துப் போடுகிறார்கள். மூத்தவர்கள் "மீனுக்குப் பழமா? இது எங்கட சாப்பாடு இல்ல மகன்" என்கிறார்கள். ஒரு தரப்புக்குப் பெருமை, மற்றத் தரப்புக்குக் குறை. ஆனால் இரண்டு தரப்பும் ஒரே கருத்தைத்தான் சொல்கின்றன: இது வெளியிலிருந்து வந்தது.

வரலாறு படிப்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் எனக்கு இந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. அந்தத் தட்டில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து "நீ எங்கிருந்து வந்தாய்?" என்று கேட்டால் என்ன பதில் வரும்? கேட்டுப் பார்ப்போம். கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சல்சா. இது ஸ்பானியச் சொல். உப்பிட்டது என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் நாம் இன்று சல்சா என்று சொல்லும் அந்தப் பண்டம் ஸ்பெயினில் பிறக்கவில்லை. மெக்சிக்கோவின் பூர்வீக மக்களான நஹுவா மக்கள் மிளகாயையும் தக்காளியையும் அரைத்து, இடித்து, கலந்து எத்தனையோ வகைக் கூட்டுகள் செய்தார்கள். அவர்கள் மொழியில் அதற்கு 'மொல்லி' என்று பெயர். அஸ்டெக் தலைநகரை ஸ்பானியர் 1521 இல் பிடித்தார்கள். 1529 இல் அங்கு போன பெர்னார்டினோ டி சஹாகுன் என்ற பாதிரியார், நஹுவா அறிஞர்களை வைத்துக்கொண்டு அந்த மக்களின் வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக எழுத்தில் பதிந்தார். பன்னிரண்டு பாகங்கள் கொண்ட அந்த நூலின் பிரதி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் இருப்பதால் அதைப் 'புளோரன்டைன் கோடெக்ஸ்' என்பார்கள்.

சந்தையில் மிளகாய்க் கூட்டு விற்றவர்கள் பற்றி அதில் இருக்கிறது. பிரபுக்களின் சாப்பாட்டுப் பட்டியலும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் மீனுக்கு மிளகாயும் தக்காளியும் வருகின்றன. பழுக்காத ஒரு வகைப் பழத்தோடு சமைத்த வெள்ளை மீனும் வருகிறது. ஸ்பானியர் அந்தப் பழத்துக்குத் தங்கள் ஊர்ப் பிளம்ஸின் பெயரை வைத்தார்கள். உண்மையில் அது எங்கட வளவுகளில் காய்க்கும் அம்பரெல்லாவின் சொந்தக்காரப் பழம், ஒரே பேரினம். ஆகவே "மீனுக்குப் பழமா?" என்று கேட்கும் மூத்தவர்களுக்கு முதல் பதில்: ஐந்நூறு வருடங்களுக்கு முன்பே ஒரு நாட்டில் மீனுக்குப் புளிப்புப் பழம் போட்டிருக்கிறார்கள். நாங்கள் மீனுக்கு மாங்காயும் கொறுக்காயும் போடுவதும் அதே நியாயத்தில்தானே? மீனின் கவிச்சிக்குப் புளி வேண்டும். அந்தப் புளியை எந்த மரம் தருகிறது என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

இரண்டாவது, கொச்சிக்காய். மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. மிளகு தேடிக் கப்பல் ஏறிய கொலம்பஸ் கடைசியில் கண்டது இதைத்தான். ஸ்பானியர் மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி இதற்கு வைத்தார்கள். தமிழிலும் அதேதான் நடந்தது: மிளகு, மிளகாய். மலையாளத்தில் இதைக் கப்பல் மிளகு என்று சொல்லும் வழக்கமும் உண்டு. எங்கள் பேச்சிலோ இது கொச்சிக்காய், அதாவது கொச்சியிலிருந்து வந்த காய். போர்த்துக்கேயர் கொச்சியில் 1503 இல் கோட்டை கட்டினார்கள். கப்பலில் வந்த காய்க்குத் துறைமுகத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன் இந்த நாட்டில் கறிக்கு உறைப்புத் தந்தது மிளகுதான். மிளகாய் இல்லாத மீன் ஆணத்தை இன்று எங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா?

மூன்றாவது, அன்னாசி. 1493 இல், தன் இரண்டாவது பயணத்தில், குவாடலூப் தீவில் கொலம்பஸின் ஆட்கள் இந்தப் பழத்தைக் கண்டார்கள். பைன் மரக் காயைப் போல இருக்கிறதே என்று ஸ்பானியர் அந்தப் பெயரை வைத்தார்கள். போர்த்துக்கேயரோ பிரேசில் நாட்டுப் பூர்வீக மக்களின் சொல்லையே எடுத்து 'அனனாஸ்' என்றார்கள். எங்கள் 'அன்னாசி' அதுதான், சிங்களத்திலும் அதுதான். அட்லாண்டிக்குக்கு அப்பால் இருந்த மக்களின் ஒரு சொல், அவர்களை யாரென்றே தெரியாத எங்கள் வாயில் நாளாந்தம் புழங்குகிறது. பப்பாசியும் கொய்யாவும் அதே கரையிலிருந்து வந்தவைதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். இந்தக் கொச்சிக்காயையும் அன்னாசியையும் கொண்டு வந்த போர்த்துக்கேயர் 1505 இல் இலங்கைக்கு வந்தார்கள். கறுவா வியாபாரத்தில் அவர்களுக்குப் போட்டியாக இருந்தவர்கள் கரையோர முஸ்லிம்கள். அந்தப் பகை நூறு வருடங்களுக்கு மேல் நீடித்து, 1626 இல் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றும் கட்டளையில் முடிந்தது. அப்படித் துரத்தப்பட்டவர்களைக் கண்டி மன்னன் செனரத் ஏற்றுக்கொண்டான். அவர்களில் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பும் கிழக்கில் எங்கள் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் எங்கள் குடும்பங்களில் பலவற்றின் வேரில் அந்த 1626 ஆம் ஆண்டும் கலந்திருக்கிறது.

எங்கள் மூதாதையரைத் துரத்தியவர்களின் கப்பலில் வந்த காயை அரைத்துத்தான் நாங்கள் சம்பல் சாப்பிடுகிறோம். அது துரத்தியவர்களின் காய் என்று எங்கள் உம்மம்மாமார் தள்ளி வைக்கவில்லை. வாங்கினார்கள், வளவில் நட்டார்கள், அம்மியில் அரைத்தார்கள், தங்களுடையதாக ஆக்கினார்கள். கோபப்பட வேண்டியவை வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

இனி எதிர்ப் பக்கம் பார்ப்போம். மெக்சிக்கோக்காரர் இன்று மீனுக்கு மாம்பழச் சல்சா செய்கிறார்கள். அந்த மாம்பழம் யாருடையது? மாமரம் எங்கள் பக்கத்து மரம். 'மாங்காய்' என்ற சொல் மலாய்க்குப் போய், போர்த்துக்கேயர் வாயில் 'மங்கா' ஆகி, ஆங்கிலத்தில் 'மேங்கோ' ஆனது. பழம் பிலிப்பைன்ஸ் வழியாக மெக்சிக்கோவுக்குப் போனது. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் அகபுல்கோவுக்கும் இடையில் ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மெக்சிக்கோவில் இன்றும் ஒரு மாம்பழ வகைக்கு 'மணிலா' என்றே பெயர். அங்குள்ள ஒரு பாட்டியும் முதல் தடவை அதைக் கண்டபோது "இது எங்கட பழம் இல்ல" என்று சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன்.

புளிக்கும் இதே கதை. ஆசியாவில் பிறந்த எலுமிச்சை இனங்களை மேற்கே கொண்டுபோனதில் அரபு விவசாயிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆங்கில 'லெமன்', 'லைம்' இரண்டுமே அரபு வழியாக வந்த சொற்கள். அவர்கள் ஸ்பெயினில், அன்றைய அந்தலூஸில், நட்டு வளர்த்த தோடை, எலுமிச்சை இனங்களின் விதைகளைத்தான் கொலம்பஸ் 1493 இல் கேனரித் தீவுகளில் ஏற்றிக்கொண்டு அமெரிக்கா போனார். வெங்காயமும் கொத்தமல்லியும் அந்தப் பக்கம் போனவைதான். இவை மூன்றும் இல்லாமல் இன்று மெக்சிக்கோவில் சல்சா செய்வது அபூர்வம்.

மீனைப் புளியில் ஊற வைக்கும் கலைக்கும் ஒரு பழைய வழி இருக்கிறது. பக்தாதில் 'சிக்பாஜ்' என்று ஒரு புளிப்பு இனிப்புக் கறி இருந்தது. பாரசீகத்திலிருந்து வந்தது, வினாகிரி விட்டுச் சமைப்பது. 1226 இல் அல்பக்தாதி எழுதிய சமையல் நூலில் அது இருக்கிறது. அந்தச் சொல் அந்தலூஸ் போய் ஸ்பானிய மொழியில் 'எஸ்கபேச்சே' ஆனது. பொரித்த மீனை வினாகிரியில் ஊற வைப்பதை அங்கே அப்படிச் சொல்வார்கள். ஸ்பானியக் கப்பலில் ஏறி அது பெருவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் போனது. நாங்கள் சொல்லும் 'வினாகிரி'யும் போர்த்துக்கேயச் சொல்தான்.

சரி, மீனைச் சுடுகிற அடுப்பு? பேக்கரியில் பாண் சுடும் போறணையை எல்லோருக்கும் தெரியும். பாணும் போர்த்துக்கேயச் சொல், போறணையும் போர்த்துக்கேயச் சொல்: 'போர்னோ'. மீனுக்குப் பக்கத்தில் வைக்கும் 'சம்பல்' என்ற சொல் மலாய். ஒல்லாந்தர் காலத்தில் இங்கே கொண்டுவரப்பட்ட ஜாவா, மலாய் மக்களின் சமையலோடு எங்களிடம் கலந்தது. சல்சா என்றால் என்ன என்று யாராவது வயதானவர் கேட்டால், "பழச் சம்பல்" என்று சொல்லுங்கள். உடனே விளங்கும்.

இப்போது தட்டைத் திரும்பப் பாருங்கள். இந்தக் கடலில் பிடித்த மீன். எங்கள் பக்கத்து மாம்பழம். பிரேசில் பெயருள்ள அன்னாசி. கொச்சி பெயருள்ள மிளகாய். அரபுகள் மேற்கே கொண்டுபோன புளி. போர்த்துக்கேயப் போறணை. மலாய்ச் சம்பல். இதில் எது எங்கட சாப்பாடு, எது வெளிச் சாப்பாடு? கோடு எங்கே போடுவது?

இந்தக் கேள்வியைச் சாப்பாட்டோடு விட முடியாது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன். "நீங்கள் அரபிலிருந்து வந்தவர்கள்" என்று எங்களைப் பார்த்துச் சிலர் சொல்லும்போது எங்களுக்கு வலிக்கிறது. இந்த மண்ணில் எத்தனை தலைமுறை என்று ஆதாரம் காட்டுகிறோம். காட்டத்தான் வேண்டும். ஆனால் அதே வாயால் பக்கத்து ஊரிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தை "வந்தான் வரத்தான்" என்கிறோம். 1990 இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த எங்கள் உறவுகளின் பிள்ளைகள், அங்கேயே பிறந்து வளர்ந்த பிறகும் "அகதி" என்ற பெயரைக் கேட்க வேண்டியிருந்தது. 1626 இல் மட்டக்களப்புக்கு வந்து சேர்ந்தவர்களை அன்று யாராவது அப்படி அழைத்திருப்பார்களா? அழைத்திருந்தால் அவர்களின் பேரப்பிள்ளைகள்தானே இன்று நாங்கள்?

எப்போது வந்தது என்பதை வரலாறு சொல்லும். வந்த பிறகு எங்களோடு எப்படிக் கலந்தது, எங்களுக்கு என்ன தந்தது என்பதையும் சொல்லும். முதல் கேள்வியோடு நின்றுவிட்டால் கொச்சிக்காயைக்கூட வீட்டுக்குள் எடுக்க முடியாது. பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும்போது நான் விளங்கப்படுத்த விரும்புவது இதைத்தான்.

கடைசியாக, செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு. சுமார் ஒரு கிலோ முழு மீனைத் துப்புரவாக்கி இரண்டு பக்கமும் மூன்று கீறு போடுங்கள். உப்பு, மிளகுத் தூள், நசித்த உள்ளி, கொஞ்சம் எண்ணெய் பூசி அரை மணித்தியாலம் வையுங்கள். அவனை முன்கூட்டியே 200 பாகைக்குச் சூடாக்கி 25 முதல் 30 நிமிடம் வேகவிடுங்கள். துண்டு மீன் என்றால் 15 நிமிடம் போதும். முள்ளை ஒட்டிய சதை கரண்டி பட்டதும் இலகுவாகப் பிரிந்து வந்தால் பதம் சரி. அதற்கு மேல் விட்டால் காய்ந்துவிடும். அவன் இல்லாதவர்கள் வாழை இலையில் சுற்றித் தணலில் சுடலாம், ருசி குறையாது.

பழச் சம்பலுக்கு, அரைப் பழமான மாங்காய் ஒன்று, அன்னாசியில் கால்வாசி, ஒரு தக்காளி, நாலைந்து சின்ன வெங்காயம், இரண்டு பச்சைக் கொச்சிக்காய், ஒரு பிடி கொத்தமல்லி இலை. எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி வையுங்கள். உப்பும் தேசிக்காய்ப் புளியும் சாப்பிடப் போகும்போதுதான் சேர்க்க வேண்டும். முதலே சேர்த்தால் உப்புப் பழத்தின் தண்ணீரை இழுத்துவிடும், சம்பல் ஆணமாகிவிடும். இன்னொன்று, அன்னாசியைப் பச்சை மீனோடு ஊற வைக்காதீர்கள். அதில் சதையைக் கரைக்கும் ஒரு நொதியம் இருக்கிறது, மீன் கூழாகிப் போகும். வெந்த மீனுக்கு மேலே போட்டால் பயமில்லை.

சோறும் பருப்பும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சமைத்து வைத்துவிட்டு வீட்டில் உள்ள மூத்தவர்களுக்கு முதலில் கொடுங்கள். "எங்கட சாப்பாடு இல்ல" என்று சொன்னால், அதில் உள்ள கொச்சிக்காயின் கதையைச் சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டு வையுங்கள்.